வானத்தைப் பார்த்து வெப்பக் கணக்கு போடுவது எப்படி

காலநிலை மாற்றம் என்றதும் கார்பன் டை ஆக்சைடு, புகைபோக்கி, பெட்ரோல் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் பூமி இனி எத்தனை டிகிரி சூடாகும் என்று கணக்கிடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய குடைச்சல் மேகம். 1979-இல் வானிலை விஞ்ஞானி ஜூல் சார்னி தலைமையில் அமெரிக்காவில் ஒரு குழு அறிக்கை தந்தது: காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் பூமி 1.5 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம். 2021-இல் ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் பன்னாட்டு அறிவியல் குழு) அறிக்கை அந்த வரம்பை 2.5 முதல் 4 டிகிரி என்று குறுக்கியது. நடுவே 42 வருடம். எத்தனையோ செயற்கைக்கோள்கள் போயின, கணினிகளின் வேகம் எங்கேயோ போய்விட்டது, இருந்தும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை, அதற்கு முதல் காரணம் மேகம்தான்.

அப்படி என்ன சிக்கல் என்று புரிந்துகொள்ள வளிமண்டல இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு மேகத்தைப் பார்த்து "இது இப்போது பூமியைக் குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா, இது மழையானால் அந்த வெப்பம் எங்கே போகும்" என்று நீங்களே ஓரளவு சரியாகச் சொல்லிவிட முடியும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. தேவையான பொருள்கள்: ஒரு பிளாஸ்டிக் பாட்டில், தீப்பெட்டி, ஒரு மழைமானி, ஒரு நோட்டு. செயற்கைக்கோள் படம் பார்க்க போன் போதும்.

முதலில் ஒரு மேகத்தை நீங்களே செய்யுங்கள்

படிப்பதைவிட இதைச் செய்து பார்ப்பது நல்லது, தவிர்க்க வேண்டாம். இரண்டு லிட்டர் பாட்டிலில் அடி நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இப்போது உள்ளே இருக்கும் காற்று நீராவியால் நிறைந்திருக்கும். பாட்டிலை இரண்டு கையாலும் பலமாக அழுத்தி, சில விநாடி வைத்திருந்து, சட்டென்று விடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது.

அப்புறம் மூடியைத் திறந்து, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைக் கொஞ்சம் பாட்டிலுக்குள் விட்டு உடனே மூடுங்கள். (சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.) மறுபடி அழுத்தி விடுங்கள். விட்ட கணத்தில் உள்ளே வெள்ளையாக மேகம் திரளும். அழுத்தினால் மறையும், விட்டால் வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பாருங்கள்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, காற்று விரியும்போது குளிர்கிறது. வானத்தில் நடப்பதும் இதுவே: தரையில் சூடான காற்று மேலே போகப் போக, அங்கே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் ஒடுங்காத வரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9.8 டிகிரி குறையும். இரண்டு, குளிர்ந்தால் மட்டும் போதாது, நீராவி ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு துகள் வேண்டும். துகளே இல்லாத சுத்தமான காற்றில் ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தாண்டிப் பல மடங்கு போனால்தான் துளி உருவாகும். துகள் இருந்தால் 100-ஐ ஒரு விழுக்காடு தாண்டுவதற்குள்ளேயே வேலை முடிந்துவிடுகிறது. கடல் உப்பு, புழுதி, புகை, கந்தகச் சேர்மங்கள், தாவரங்கள் வெளியிடும் வாயுக்களிலிருந்து உருவாகும் நுண்துகள்கள் எல்லாம் இந்த வேலையைச் செய்கின்றன. இவற்றுக்கு மேகக்கரு என்று பெயர். தீக்குச்சிப் புகை மேகத்தை மாற்றியது என்றால், ஒரு நாட்டின் தொழிற்சாலைப் புகை மேகத்தை எவ்வளவு மாற்றும் என்று யோசித்து வையுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

மேகத்தின் அடிப்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மனக்கணக்காகவே சொல்லலாம். வானிலைச் செயலியில் வெப்பநிலையும் பனிநிலையும் பாருங்கள் (காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரம் ஒடுங்கத் தொடங்குமோ அது பனிநிலை). இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்குங்கள். வெப்பநிலை 32, பனிநிலை 24 என்றால் வித்தியாசம் 8, எனவே மேகத்தின் அடி சுமார் 1,000 மீட்டரில். வெயில் நேரத்தில் பஞ்சுப் பொதியாகக் கிளம்பும் திரள் மேகங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். அந்த மேகங்களின் அடிப்பக்கம் எல்லாம் ஒரே மட்டத்தில் தட்டையாக இருப்பதும் இதனால்தான்: அந்த உயரத்தில்தான் ஏறும் காற்று ஈரத்தைத் தாங்க முடியாமல் போகிறது.

ஒவ்வொரு மேகத்திடமும் இரண்டு கேள்வி

முதல் கேள்வி: இது வெயிலில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது? கெட்டியான மேகம் நிறையத் திருப்பும், மெலிந்தது கொஞ்சம். கீழேயிருந்து பார்த்தே ஓரளவு சொல்லலாம்: மேகத்தின் அடி இருண்டிருந்தால் ஒளி கீழே வரவில்லை, பெரும்பகுதி மேலேயே திரும்பிவிட்டது என்று அர்த்தம். அந்த மேகம் வழியாகச் சூரியனின் வட்டம் தெளிவாகத் தெரிந்தால் அது திருப்புவது கொஞ்சம்தான்.

இரண்டாம் கேள்வி: இதன் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறது? இதைத்தான் பலர் கேட்பதில்லை. தரையும் கடலும் மேகமும் எல்லாம் இடைவிடாமல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன, சூடாக இருந்தால் நிறைய, குளிராக இருந்தால் குறைவாக. 27 டிகிரியில் உள்ள தரை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 460 வாட் விடுகிறது. 10 டிகிரி உச்சி உள்ள தாழ்ந்த கெட்டி மேகம் சுமார் 364 வாட். மைனஸ் 50 டிகிரி உச்சி உள்ள உயர்ந்த கெட்டி மேகம் சுமார் 140 வாட் மட்டுமே. அதாவது உயர்ந்த மேகம் தரையிலிருந்து வரும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு விண்வெளிக்குக் கொஞ்சத்தை மட்டும் விடுகிறது. மீதி இங்கேயே தங்குகிறது.

இந்த இரண்டு பதிலையும் சேர்த்தால் ஒவ்வொரு வகை மேகமும் என்ன செய்கிறது என்று பிடிபட்டுவிடும்.

தாழ்ந்து, பரந்து, வானத்தைக் கூரை போட்டது போல மூடும் படை மேகம்: வெயிலை நிறையத் திருப்புகிறது, உச்சியோ தரையைவிட அதிகம் குளிரில்லை, ஆகவே வெப்பத்தைப் பெரிதாகப் பிடித்து வைப்பதும் இல்லை. நிகரக் கணக்கில் பலமான குளிர்விப்பு. பெரு, கலிபோர்னியா, நமீபியா கரைகளை ஒட்டிய குளிர்ந்த கடல்களின் மேல் இந்த மேகங்கள் பெரும்பரப்பில் கிடக்கின்றன. பூமியின் வெப்பச் சமநிலையில் இவற்றுக்கு இருக்கும் முக்கியத்துவத்துக்கு நாம் இவற்றைப் பற்றிப் பேசுவது மிகவும் குறைவு என்பது என் எண்ணம்.

மிக உயரத்தில் நார் நாராக இழுபடும் கீற்று மேகம்: வெயில் தாராளமாக ஊடுருவும், உச்சியோ கடும் குளிர். இது சூடாக்கும். விமானம் போன தடத்தில் விரியும் வெள்ளைக் கோடுகளும் இந்த வகையில்தான் சேரும்.

இடி மேகம்: திருப்புவதும் அதிகம், பிடித்து வைப்பதும் அதிகம், வெப்பமண்டலத்தில் சராசரியாக இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகின்றன.

நேரத்தையும் பாருங்கள். இரவில் திருப்பி அனுப்ப வெயில் ஏது? அதனால் எந்த மேகமாக இருந்தாலும் இரவில் தரையைச் சூடாக வைத்திருக்கும் வேலை மட்டும்தான். மேகமில்லாத இரவுக்குப் பிறகு விடியற்காலை குளிர்வதும், மேகமூட்டமான இரவு புழுங்குவதும் இதனால்தான். ஆகவே ஒரு ஊரில் மேகம் கூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால் பகலிலா இரவிலா என்று கேளுங்கள், பாதி விஷயம் அதில் இருக்கிறது.

பூமி முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால்? எந்த நேரத்திலும் பூமியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேகத்தால் மூடியிருக்கிறது. மேகங்கள் சதுர மீட்டருக்கு சராசரியாக 45 முதல் 50 வாட் வரை வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, 25 முதல் 30 வாட் வரை வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. நிகரமாக சுமார் 20 வாட் குளிர்விப்பு. கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் வரும் கூடுதல் வெப்பமோ சுமார் 4 வாட். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மேகத்தின் கணக்கு சற்றே அசைந்தாலும் பூமியின் வெப்பத்தில் அது ஏன் பெரிதாகத் தெரியும் என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

எல்லா மேகமும் ஏன் மழையாவதில்லை

சாதாரணத் திரள் மேகத்தில் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் அளவில்தான் தண்ணீர் இருக்கும். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றினாலும் ஒரு கன கிலோமீட்டர் மேகத்துக்கு அது 500 டன். இவ்வளவு தண்ணீர் விழாமல் நிற்பதற்குக் காரணம் துளியின் அளவு. ஒரு மேகத் துளியின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர், விழும் வேகம் விநாடிக்கு 1 சென்டிமீட்டர் அளவு. அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் மேலேறும் காற்று அதைத் திரும்பத் தூக்கிவிடும் அல்லது வழியிலேயே அது ஆவியாகிவிடும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று ஆக இந்தச் சின்னத் துளிகள் பத்து லட்சம் சேர வேண்டும்.

சேருவதற்கு இரண்டு வழி. வெதுவெதுப்பான மேகத்தில், கொஞ்சம் பெரிய துளிகள் வேகமாக விழுந்து சின்னத் துளிகளை இடித்து விழுங்கிக்கொண்டே பெருக்கும். எல்லாத் துளிகளும் ஒரே அளவாக இருந்தால் இது நடக்காது, எல்லாம் ஒரே வேகத்தில் மிதந்துகொண்டிருக்கும். அளவு வித்தியாசம்தான் மழைக்கு ஆரம்பம், கடல் உப்பு போன்ற பெரிய துகள்கள் அதற்கு உதவுகின்றன.

குளிர்ந்த மேகத்தில் நடப்பது இன்னும் சுவாரசியம். தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறைந்துவிடும் என்று படித்திருப்போம். மேகத்தின் சின்னத் துளிகள் அப்படி உறைவதில்லை, உறைவதற்கு ஏற்ற துகள் கிடைக்காவிட்டால் மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே இருக்கும். அதற்கு நடுவே ஒரு பனிப்படிகம் உருவானால் என்ன ஆகும்? மைனஸ் 15 டிகிரியில் பனியின் மேல் நீராவி நிறைவுறும் அழுத்தம், நீரின் மேல் இருப்பதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆகவே நீர்த்துளிக்குப் போதாத ஈரம் பனிக்கு மிகையாக இருக்கும். துளிகள் ஆவியாகிக் குறையும், படிகம் அந்த ஆவியை வாங்கிப் பெருத்து விழும், வழியில் உருகினால் மழை. ஆல்ஃபிரட் வெகனர் 1911-இல் இதைச் சுட்டிக்காட்டினார், டோர் பெர்கெரோன் 1930-களில் இதை மழைக்கான வழியாக விளக்கினார். 1946-இல் வின்சென்ட் ஷேஃபர் ஒரு குளிர்பெட்டிக்குள் உலர்பனியை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டபோது உள்ளே இருந்த நீர்மேகம் நொடியில் பனிப்படிகங்களாக மாறியது, செயற்கையாக மழையை வரவழைக்க மேக விதைப்பு என்று இன்று பேசப்படுவது அங்கிருந்துதான் கிளம்பியது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விதைப்பது ஏற்கெனவே இருக்கும் மேகத்தைத் தூண்டப் பார்க்கும் முயற்சி, வெறும் வானத்தில் அது மேகத்தை உண்டாக்காது.

மழைமானியை வைத்து வெப்பம் அளப்பது

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, இதைத் தெரிந்துகொண்ட பிறகு மழையைப் பழையபடி பார்க்க முடியாது.

வியர்வை உலரும்போது உடம்பு குளிர்கிறது இல்லையா, அதே கதைதான் கடலுக்கும் ஈர மண்ணுக்கும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அந்த வெப்பம் காணாமல் போவதில்லை, நீராவியோடு பயணம் போகிறது. எங்கோ மேலே மேகமாக ஒடுங்கும்போது அதே வெப்பம் சுற்றியுள்ள காற்றுக்குள் வெளிவருகிறது. மழையாக விழுந்துவிட்டால் அந்தப் பரிமாற்றம் நிரந்தரம்: தண்ணீர் கீழே, வெப்பம் மேலே. மழையாகாமல் மேகம் திரும்ப ஆவியானால் கொடுத்த வெப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதனால்தான் காற்றுக்குக் கிடைக்கும் வெப்பத்தை அளக்க மேகத்தைவிட மழை நல்ல அளவுகோல்.

கணக்கு மிகவும் எளிது. மழைமானியில் 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர், அதாவது 1 கிலோ. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சதுர மீட்டருக்கு மேலே உள்ள காற்றுக்குள் 250 லட்சம் ஜூல் வெப்பம் இறங்கியிருக்கிறது, மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 7 கிலோவாட் மணி. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் நாள் முழுவதற்குமான சராசரி கிட்டத்தட்ட 2,900 வாட். வளிமண்டலத்தின் உச்சியில் நேராக விழும் வெயிலே சதுர மீட்டருக்கு 1,361 வாட்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த வெப்பம் அந்த இடத்து வெயிலில் மட்டும் வந்ததாக இருக்க முடியாது என்று புரியும். எங்கெங்கோ கடலில் சேர்ந்த வெயில், நீராவியாகப் பயணித்து, ஒரு இடத்தில் மொத்தமாக வெளிவந்திருக்கிறது. புயலின் பலம் இதுதான்.

இன்னொரு கணக்கும் போடலாம். பூமி முழுவதும் சராசரியாக ஆண்டுக்கு சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேலே சொன்னபடி பெருக்கி, ஒரு வருடத்தின் விநாடிகளால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 வாட் வரும். தரை தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் முக்கியமான வழிகளில் ஒன்று இது. காற்றில் எந்த நேரத்திலும் இருக்கும் நீராவியை எல்லாம் மழையாக்கினால் 25 மில்லிமீட்டர் அளவுதான் தேறும், ஆக அது சுமார் 9 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும்போது நீராவி ஒன்பதே நாளில் கீழே வந்துவிடுகிறது என்பதால்தான், நீராவி வெப்பத்தைப் பிடிப்பதில் பெரிய ஆள் என்றாலும், அதுவாகக் காலநிலையை இழுத்துச் செல்வதில்லை, வெப்பநிலை எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு மட்டும் இருக்கிறது.

மழையில் வெளியான வெப்பம் காற்றை மேலும் மேலே தூக்குகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் இப்படிக் கிளம்பும் காற்று ஈரத்தை எல்லாம் கொட்டிவிட்டு, உயரத்தில் வடக்கும் தெற்குமாக விலகி, 30 பாகை அட்சத்தை ஒட்டி வறண்டு கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும், மேகம் நிற்காது. சகாராவும் கலஹாரியும் ஆஸ்திரேலியப் பாலையும் அந்தப் பட்டையில் கிடப்பது தற்செயல் அல்ல. ஒரு இடத்து மழையும் இன்னொரு இடத்து வறட்சியும் ஒரே காற்றோட்டத்தின் இரண்டு பக்கம்.

இதைச் சின்ன அளவில் நீங்களே உணரலாம். இடிமழைக்குச் சற்று முன்னால் ஒரு குளிர்ந்த காற்று அடிக்கும் பாருங்கள், மேகத்திலிருந்து விழும் துளிகள் வழியில் ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிரவைத்து, அது கனத்துக் கீழே இறங்கித் தரையில் பரவுகிறது. அந்தப் பரவல் முன்னால் உள்ள சூடான ஈரக் காற்றை நெம்பித் தூக்க, அங்கே அடுத்த மேகம் பிறக்கும்.

பூமி சூடானால் இந்தக் கணக்கு எப்படி மாறும்

வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அப்படியானால் மழையும் 7 விழுக்காடு கூடுமா? பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். உலக மொத்த மழை ஒரு டிகிரிக்கு 2 முதல் 3 விழுக்காடுதான் கூடும். காரணம் மேலே பார்த்த 80 வாட்: மழை கொடுக்கும் வெப்பத்தைக் காற்று விண்வெளிக்கும் தரைக்கும் கதிராக விட்டு ஆற வேண்டும், அந்த ஆறும் வேகம் அவ்வளவு சீக்கிரம் கூடுவதில்லை. ஆனால் ஒரு தனி மழை கொட்டும்போது சுற்றியுள்ள ஈரத்தை எல்லாம் அள்ளுகிறது, ஆகவே மிகக் கனமழையின் அளவு ஒரு டிகிரிக்கு 7 விழுக்காட்டை ஒட்டிக் கூடுகிறது. மொத்தம் கொஞ்சமாகக் கூடி, கனமழை அதிகமாகக் கூடினால் குறைய வேண்டியது எது? மென்மையான மழையும், மழை பெய்யும் நேரமும். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வருவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

மேகங்களில் மூன்று மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். உயர்ந்த இடி மேகங்களின் உச்சி இன்னும் மேலே போகிறது, ஆனால் உச்சியின் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. தரை சூடாகி உச்சி மட்டும் அதே குளிரில் நின்றால் பிடித்து வைக்கும் வெப்பம் கூடும். இது சூடாக்கும் பக்கம். கடல் மேல் கிடக்கும் தாழ்ந்த மேகக் கூரை, மேலேயிருந்து வறண்ட காற்று கலப்பதால் மெலிந்து ஓட்டை விழுகிறது, அடியில் உள்ள இருண்ட கடல்பரப்பு வெளியே தெரிந்து வெயிலை உறிஞ்சுகிறது. இதுவும் சூடாக்கும் பக்கம், இதுதான் பயப்பட வேண்டியது. மூன்றாவது, துருவப் பக்கம் பனித்துகள் நிறைந்த மேகங்கள் நீர்த்துளி மேகங்களாக மாறுகின்றன. சின்னச் சின்ன நீர்த்துளிகள் வெயிலை நன்றாகத் திருப்பும், மழையாகவும் சீக்கிரம் விழாது. இது குளிர்விக்கும் பக்கம். மூன்றையும் கூட்டிக் கழித்தால், மேகம் வெப்பத்தைக் குறைப்பதைவிடக் கூட்டவே செய்யும் என்பதை 2021 ஐ.பி.சி.சி. அறிக்கை மிகுந்த உறுதியோடு சொன்னது. மேகம் வந்து நம்மைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

புகையின் பங்கு

பாட்டிலுக்குள் விட்ட புகைக்கு வருவோம். ஒரே அளவு தண்ணீரை அதிகத் துகள்கள் பங்கு போட்டால் துளிகள் எண்ணிக்கையில் கூடி அளவில் சிறுக்கும், மேகம் இன்னும் வெண்மையாகித் திருப்பும் வெயில் கூடும். 1970-களில் ஷான் டூமி இதைக் கணக்காகக் காட்டினார். துளி சிறுத்தால் தூறலாக விழுவதும் தாமதமாகும், அதனால் மேகம் நீடித்து நிற்கலாம் என்று 1989-இல் புரூஸ் ஆல்பிரெக்ட் சேர்த்தார். இதைக் கண்ணால் பார்க்கக் கடல் மேலான செயற்கைக்கோள் படங்களில் கப்பல் தடங்களைத் தேடுங்கள்: மங்கலான மேகப்பரப்பில் கப்பல் போன வழி வெண்கோடாகத் தெரியும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்த பிறகு அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. சுவாசிக்கும் காற்றுக்கு அது நல்லது, செய்ய வேண்டியதும்கூட. ஆனால் அழுக்கு இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த வெப்பம் அதோடு சேர்ந்து வெளியே வரும் என்பதையும் தெரிந்தே செய்ய வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தைப் படிப்பது

இங்கே ஒரு சின்ன உத்தி போதும். எந்தப் படத்திலும் முதலில் அது கண்ணொளிப் படமா, அகச்சிவப்புப் படமா என்று பாருங்கள். கண்ணொளிப் படத்தில் வெண்மை என்றால் வெயிலைத் திருப்புகிறது (முதல் கேள்வி). அகச்சிவப்பில் வெண்மை என்றால் உச்சி குளிர் (இரண்டாம் கேள்வி). ஒரே நேரத்து இரண்டு படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டிலும் பளீரென்று இருந்தால் இடி மேகம், கனமழைக்கு வாய்ப்பு. கண்ணொளியில் வெள்ளையாகவும் அகச்சிவப்பில் சாம்பலாகவும் இருந்தால் தாழ்ந்த மேகம் அல்லது மூடுபனி, குளிர்விக்கும் வகை. அகச்சிவப்பில் வெள்ளை, கண்ணொளியில் மங்கல் என்றால் கீற்று மேகம், சூடாக்கும் வகை. வண்ணம் தீட்டிய படங்களில் சிவப்பைப் பார்த்துவிட்டு அங்கே மழை கொட்டுகிறது என்று சொல்லிவிடக் கூடாது, அந்த நிறம் உச்சியின் குளிரைத்தான் காட்டுகிறது. மழை நின்ற பிறகும் இடி மேகத்தின் மேல்தட்டு மணிக்கணக்கில் பரந்து கிடக்கும். மழை பெய்கிறதா என்று தெரிய ரேடார் படம் வேண்டும்.

நோட்டில் எழுத வேண்டியது

தினமும் அதே நேரத்தில், அதே இடத்திலிருந்து பாருங்கள், காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மேகம் என்று எழுதுங்கள், வானிலை ஆய்வாளர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அடுத்து மேகத்தின் வகை, சூரிய வட்டம் தெரிந்ததா, பனிநிலையை வைத்து அடி உயரம், மழை எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மணி நேரத்தில். கடைசியாக, இது இப்போது குளிர்விக்கிறதா சூடாக்குகிறதா என்று உங்கள் தீர்ப்பு ஒரு வார்த்தையில். பிறகு செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். முதலில் நிறையத் தவறும், முக்கியமாக நடு உயரத்து மேகங்களில், பரவாயில்லை.

மழை நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 60 மில்லிமீட்டர் ஒரு மணியில் விழுந்ததா ஒரு நாள் முழுக்க விழுந்ததா என்பது மொத்த அளவில் தெரியாது, மாறிவரும் காலநிலையில் மாறுவதோ அதுதான். வருடக் கூட்டுத்தொகை அப்படியே இருந்து மழைநாட்கள் மட்டும் குறைந்திருந்தால் அந்தத் தகவல் மழை நேரம் எழுதிய நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு பெருமழையை வைத்தோ ஒரு வறண்ட வருடத்தை வைத்தோ காலநிலை மாறிவிட்டது என்றோ மாறவில்லை என்றோ எழுதாதீர்கள். காலநிலைச் சராசரிக்கு 30 வருடத் தரவை எடுப்பது வழக்கம். உங்கள் நோட்டு அதற்கு எட்டாது, ஆனால் உங்கள் பகுதியின் நீண்டகாலப் பதிவுகளை வானிலை நிலையத்திலிருந்து எடுத்து, அதே மாதத்துக்கான உங்கள் எண்களை அதன் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.